பாலர் அறையில் ஒரு மாப்பிள்ளை

சிங்கப்பூரில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்த ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு தர்ம நிதி நடத்தினோம். ‘கைப்பிடி நிதி’ என்று பெயர். உலை வைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைப்பார்களே, அந்த வழக்கத்திலிருந்து எடுத்தது. உண்மையைச் சொன்னால் எங்களில் ஒருத்தியும் அரிசி ஒதுக்கியதில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்போம். பழைய புடவையில் தலையணை உறை தைத்து விற்போம். வாங்காமல் நழுவுகிறவர்களை மின்தூக்கிக்குள் வைத்து மடக்குவோம். மேல் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் பணப்பையைத் திறந்துவிடுவான்.

சூறாவளி வந்து கிழக்கிலங்கைக் கரையைப் புரட்டிப் போட்ட பிறகு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தோம். கல்முனைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் அமைந்தது. ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சுலைகா உம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

அந்தப் பக்கத்தில் நெல் வெட்டு, அதாவது அறுவடைக் காலம் வந்துவிட்டால் ஏழைப் பெண்கள் விடிவதற்கு முன்பே வயலுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கும். முந்திய வெட்டில் ஒரு பெண்குழந்தை வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. தண்ணீரில் ஒரு சட்டை மிதந்து போகிறதே என்று யாரோ பிடித்து இழுத்தால், உள்ளே பிள்ளை இருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. இதைக் கேட்டதும் எங்கள் ஐந்து பேருக்கும் தூக்கம் போய்விட்டது. பிள்ளைகள் பகலில் பத்திரமாக இருக்க ஓர் அறை கட்டிக் கொடுப்பது என்று கிளம்பினோம்.

இடம் கொடுக்க முன்வந்தவர் ஆதம்லெப்பைப் போடியார். நிறைய நெல்வயல் உள்ளவர்களை அந்தப் பக்கத்தில் போடியார் என்பார்கள். “எனது வளவில் ஒரு மூலையை மனமுவந்து தருகிறேன்” என்று அவர் எழுதியதும் நாங்கள் துள்ளிக் குதித்தோம். வளவு என்றால் வீடும் கிணறும் மரங்களும் சேர்ந்த மனை. ‘எனது’ என்று ஒரு மனிதர் எழுதினால், ஐயா, அது உங்களுடையதுதானா என்று எந்தப் பைத்தியமாவது திருப்பிக் கேட்குமா? நாங்கள் கேட்கவில்லை. அறை எழும்பியது, கூரை ஏறியது, ரமீஸா என்ற ஒரு டீச்சரும் அமர்த்தப்பட்டாள். நேரில் போய்ப் பார்த்து, பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஐந்து பேரில் கணவனோ குழந்தையோ இல்லாதவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு வேலையே இல்லை என்பது மற்ற நால்வரின் உறுதியான நம்பிக்கை.

பலகையைத் தேக்கில் செய்திருந்தார்கள். கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் அதை நிறுத்தி வைத்தால் கூரையில் இடித்தது, படுக்க வைத்தால் ஆறு பேர் காலில் இடித்தது. கடைசியில் கோழிக்கூடை வைத்திருந்த ஒரு பெரியவர் மடியில் வாங்கிக்கொண்டார். அதன்மேல் கூடையை வைத்துக்கொண்டு அவர் சுகமாகத் தூங்கிவிட, நான் இறங்கும்போது ‘கைப்பிடி’யின் மேல் கோழி தன் கையெழுத்தைப் போட்டிருந்தது.

கல்முனைக் கடைத்தெருவில் என்னை ஏற்றிப் போக ஒரு டிராக்டர் வந்து நின்றது. அங்கே அதை மெஷின் என்றே சொல்கிறார்கள். பெட்டியில் நெல் மூட்டை, மூட்டைமேல் பாய், பாய்மேல் நான், எனக்கு மேல் குடை. ஊருக்குள் திரும்பும் இடத்தில் மெஷின் இருமிவிட்டு நின்றுபோனது. எங்கள் ஊரில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். இங்கே பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டிலிருந்து தேநீர் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தொதல் என்ற இனிப்பு வந்தது. இரண்டையும் நான் முடித்த பிறகு வேறொரு மெஷின் வந்து, எங்கள் மெஷினையும் என்னையும் சேர்த்துக் கட்டி இழுத்துப் போனது. தெருவெல்லாம் சனம் நின்று வேடிக்கை பார்த்தது. “சிங்கப்பூர் மிஸ் வாறா” என்று ஒரு குரல் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

போடியார் கடப்பில், அதாவது வளவு வாசலில், சாரன் என்கிற வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக நின்று வரவேற்றார். உயரமான மனிதர், மெதுவான பேச்சு. என் கையிலிருந்த பலகையை வாங்கி, கோழியின் கையெழுத்தைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, நேராக வீட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோய் மக்காப் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார்.

“அறையில் மாட்டத்தான் கொண்டுவந்தேன்” என்றேன்.

“மாட்டுவம் மிஸ், மாட்டுவம். முதல்ல சோறு தின்னுங்க” என்றார்.

சோறு வந்தது. இறால் வந்தது. கணவாய் வந்தது. “உங்களுக்கெண்டு இண்டைக்கு மாடு வைக்கல்ல” என்று அவர் பணிவாகச் சொன்னது என் மனசைத் தொட்டது. “சாப்பிட்டதும் அறையைப் பார்க்கலாமா?” என்றேன். கத்தரிக்காய்ப் பால்கறி வந்தது. “பிள்ளைகள் இப்போது அறையில் இருப்பார்களா?” என்றேன். கோழி வந்தது. “அறை...” என்று வாயைத் திறந்தேன். எருமைத் தயிர் சட்டியோடு வந்தது, பின்னாலேயே அதில் ஊற்றப் பாணி என்கிற பாகும், அதன் பின்னால் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும். நான் அறை என்று சொல்லும்போதெல்லாம் போடியார் திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை ஒரு பாத்திரத்தை நீட்டும். இதிலிருந்தே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஆனால் வட்டிலப்பம் வாயில் இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

கை கழுவுவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் வளவின் மூலையில் எங்கள் அறை. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, புத்தம் புதுக் கூரை. கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை முறுக்கு! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

சுவரில் ‘அ அம்மா, ஆ ஆடு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு இரட்டைக் கட்டில். கட்டில்மேல் இளஞ்சிவப்பு நுளம்புவலை, நம் கொசுவலைதான். வலைக்குள் புதுச் சாரன் கட்டிய ஒரு இளைஞர், மார்பில் செய்தித்தாளோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் துள்ளி எழுந்ததில் வலை தலையில் மாட்டிக்கொண்டது. வலைக்குள்ளிருந்தபடியே, “வாங்க, இரிங்க” என்றார். உபசாரத்தில் குறையில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய கேமராவால் ஒரு படம் எடுத்தேன். ‘ஈ’க்கும் ‘உ’வுக்கும் நடுவில் அவர் நிற்கும் அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பின்னால் வந்து நின்ற போடியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மூத்த மகளுக்குப் போன கிழமைதான் கலியாணம், மிஸ். மருமகன் கச்சேரில கிளாக்கர்.” அங்கே கிழமை என்றால் வாரம், கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம்.

“சந்தோஷம். பிள்ளைகள் எங்கே?”

“புள்ளயள்... புள்ளயளுக்கு ஒண்டும் இல்ல. நல்ல சுகமா இரிக்காங்க.”

பிள்ளைகள் மாமரத்தடியில் இருந்தார்கள். அன்று காலைதான் மழை பெய்திருந்தது. ஈரத் தரையில் ஓலைப்பாயை விரித்து, ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ரமீஸா டீச்சர், இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும், ஒல்லியான பெண். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இண்டைக்கு இவ்வளவுதான் மிஸ். அடுத்த கிழமை வெட்டுத் தொடங்கினா ஊர்ப் புள்ளயள் எல்லாம் இஞ்சதான் வரும். இந்த மரத்தடில நான் எத்தினை பேரக் கட்டி வச்சிக்கிறது? அங்கால பாருங்க” என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் போடியாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் சிங்கப்பூரின் நாலு மொழியும் கலந்து வரும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, “மிஸ், நீங்க அவவோட கதைச்சிப் பாருங்களன்” என்றார். இவ்வளவு பெரிய மனிதர் சொந்த வீட்டில் இப்படிக் கிசுகிசுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ‘அவ’தான் போடியாரின் மனைவி சுலைகா உம்மா. மறுநாள் காலை திரையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். குசினியில் முக்காலிமேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய், இடுப்பில் சாவிக்கொத்து. பக்கத்தில் புதுப்பெண் ஜெஸீமா வெங்காயம் உரித்தாள். கதவிடுக்கில் இன்னும் இரண்டு மகள்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“இரிங்ககா” என்றார் உம்மா. இருந்தேன். நேராக விஷயத்துக்கு வந்தேன். நாங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டிய அறையை இப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“ஆர்ர வளவில கட்டினீங்க?”

“போடியார் வளவில்.”

ஜெஸீமா சிரிப்பை அடக்க வெங்காயத்தை முகத்தருகே கொண்டுபோனாள். உம்மா சிரிக்கவில்லை. “அவருக்கு ஏது வளவு? அவர் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்த மாப்புள. இந்த ஊடு, கிணறு, அந்த மாமரம், எல்லாம் என்ட உம்மா எனக்குத் தந்தது. அவவுக்கு அவட உம்மா குடுத்தது. எங்கட ஊர்ல ஊடு பொம்புளப் புள்ளக்கித்தான், மனே. அடுத்த ஊர்த் தமிழ் ஆக்களும் அப்பிடித்தான். கலியாணம் முடிச்சா ஆம்புள பொஞ்சாதிட ஊட்டுக்கு வருவான். வயல் வேணுமெண்டா அவர்ட. வளவு என்ட.”

“அப்படியென்றால் சுவர் எழும்பும்போதே தடுத்திருக்கலாமே!”

“ஏன் தடுக்கணும்? என்ட மண்ணில கல்லால ஒரு அறை எழும்புது. எழும்பட்டுமே. ஒருத்தரும் எனக்கிட்ட கேக்கல்ல. நானும் ஒண்டும் சொல்லல்ல.”

ஊர் முழுக்க இது தெரிந்திருக்கிறது. கொத்தனாருக்குத் தெரியும், தச்சருக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது கடல் கடந்து காசு சேர்த்த ஐந்து பெண்களுக்கு மட்டும்தான். போடியாரின் முகத்தைப் பார்த்து, ‘பொஞ்சாதிட மண்ணை நீ எப்படிக் குடுக்கலாம்’ என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மரியாதை பொல்லாதது, அறைக்கே உலை வைத்துவிட்டது.

அடுத்து உம்மா என்னை விசாரிக்கத் தொடங்கினார். “உங்களுக்கு அங்க எப்பிடி ஊடு?”

“அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.”

“அண்ணன்ட ஊடா?” தேங்காய்த் துருவல் நின்றது. “ஆம்புளக்கி ஏது ஊடு? அது அவர்ட பொஞ்சாதிட ஊடா?”

“இல்லை, அண்ணன் பெயரில்தான். அண்ணியும் அங்கேதான் வந்து இருக்கிறாள். எங்கள் பக்கம் கல்யாணமானால் பெண் போவாள்.”

கதவிடுக்கு மகள்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். “அல்லாஹ்வே, உங்கட உம்மா உங்களுக்கு ஒரு குடிலாச்சும் தரல்லயா?” என்று சுலைகா உம்மா கேட்டார். சண்டை போடப் போனவள் நான். வெளியே வரும்போது அவர் பாவப்பட்டுக் கொடுத்த ஒரு தட்டுப் பிட்டோடு வந்தேன். அண்ணன் வீட்டில் எனக்கிருப்பது கூடத்து நாற்காலிக்குப் பின்னால் விரிக்கும் ஒரு மெத்தை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

இனி அந்தக் கிளாக்கர் மாப்பிள்ளை. அந்த ஊரில் புது மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் மறுபிறவியில் அங்கே மாப்பிள்ளையாகப் பிறக்கலாம் போல இருக்கும். காலையில் முட்டை, பத்து மணிக்குப் பாலூற்றிய பலகாரம், மத்தியானம் பொரித்த கோழி. ஒரு துரும்பை அவர் நகர்த்தினாலும் மாமியார் வீட்டுக்கு அவமானம். தண்ணீர் மொள்ளக் கிணற்றடிக்குப் போனால் மூன்று பேர் ஓடிவந்து வாளியைப் பிடுங்குவார்கள். அந்த மனிதர் சும்மா இருந்தே களைத்துப்போயிருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, காலைத் தூக்கம்.

அதுதான் கிடைக்கவில்லை. ரமீஸா டீச்சர் அன்று முதல் பாயை மாமரத்தடியிலிருந்து அறையின் ஜன்னலுக்குக் கீழே மாற்றிவிட்டாள். நிழல் அங்கேதான் இருக்கிறதாம். சூரியன் உதிக்கிற நேரத்தில் என்ன நிழல் என்று நான் கேட்கவில்லை. பொழுது விடிந்ததும் பிள்ளைகள் தொண்டை கிழிய, “அ... அம்மா! ஆ... ஆடு!” என்று தொடங்கும். உள்ளே ஒரு முனகல் கேட்கும். “இ... இலை!” கட்டில் கிறீச்சிடும். ‘ஈ’ வரும்போது ஜன்னல் அடித்துச் சாத்தப்படும். அதோடும் தீரவில்லை. சுவரில் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் படிக்க வேண்டுமல்லவா? இரண்டு பிள்ளைகளாகக் கதவைத் தட்டி, “மாமா, ‘ஓ’வில என்ன படம் போட்டிரிக்கி எண்டு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பார்கள். அவரும் பாவம், பார்த்துச் சொல்வார்.

“கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக் கொடுக்கக்கூடாதா?” என்று ரமீஸாவிடம் கேட்டேன்.

“மெதுவாச் சொன்னா எழுத்து மனசில நிக்காது மிஸ்” என்றாள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல்.

இரண்டு விடியற்காலையைத் தாங்கினார். மூன்றாம் நாள், பிள்ளைகள் உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடப்பைத் தாண்டித் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை அம்மாவைப் பார்க்கப் போனால் நல்ல பிள்ளை என்பார்கள். இங்கே ஊரே எழுந்து நின்றது. மாப்பிள்ளை தனியாகப் பெற்றவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அது ஒரு சேதி. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பு கடைத்தெருவில் அந்தக் கல்யாணம் முறிந்துவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குள் காரணம் மூன்றாகிவிட்டது. அதில் ஒரு காரணத்தில் நானும் இருந்தேன்: சிங்கப்பூர் மிஸ் அறைக்குள் புகுந்து போட்டோ பிடித்தாளாம்.

போடியார் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். நானும் போனேன். மழையைப் பற்றிப் பேசினார்கள். உரத்தின் விலையைப் பற்றிப் பேசினார்கள். குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பேசினார்கள். மாப்பிள்ளை என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. நான் பொறுமையிழந்து திரைக்குப் பின்னால் போனேன். அங்கே மாப்பிள்ளையின் தாயார் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“ஊடு தாற எண்டுதான் பேச்சு. ஊடு எண்டா அந்தப் பெரிய ஊடு. இவ என்ட மகன சின்னப் புள்ளயள்ர நேசரிக்குள்ள படுக்க வச்சிரிக்கா. கேட்டா, கல்வீடு எண்டுதானே சொன்னம், அது கல்லாலதானே கட்டியிரிக்கி எண்டு கதைக்கிறா. மகள் கலியாணம் முடிச்சா உம்மாக்காரி ஊட்டக் குடுத்துப்போட்டு வெளிய இறங்கணும். நான் இறங்கல்லயா? என்ட மூத்தவளுக்குக் குடுத்துப்போட்டு நான் இந்தக் குடில்ல கிடக்கல்லயா?”

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். அது உண்மையிலேயே குடில்தான். நல்ல வீடு முன்னால் இருந்தது, அதில் அவர் மகள் இருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கியது. சுலைகா உம்மா எங்கள் அறையை மகளுக்காகப் பிடித்துக்கொள்ளவில்லை. தான் வீட்டைவிட்டு இறங்காமலிருக்கப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவர் கிணற்றுக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே சொன்னார்.

“அந்த மண்டபத்துக்குப் பக்கத்து அறை இரிக்கே, நீங்க படுக்கிறது. நான் பொறந்தது அதில. என்ட மூணு புள்ளயளும் பொறந்தது அதில. என்ட உம்மா எனக்குச் சாவியத் தந்துபோட்டுப் பின்னால ஓலைக் குடிலுக்குப் போனா. அண்டைக்கு நான் சிரிச்சிக்கிட்டுத்தான் சாவிய வாங்கினன், மிஸ். அவட முகத்த நான் பாக்கவே இல்ல.” தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். “சூறாவளிக்கு இந்த ஊட்டுக் கூரை போகல்ல, தெரியுமா? ஊரெல்லாம் போச்சி. இது நிண்டிச்சி.”

அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அதே நேரம், வேலிக்கு அப்பால் வாய்க்கால் ஓடுகிற சத்தமும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் வெட்டுத் தொடங்குகிறது.

அந்த நேரம் பார்த்து ஜெஸீமா வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. “உம்மா, நான் அவர்ட உம்மாட ஊட்டுக்குப் போறன். அங்கயே இரிக்கன். உங்கட ஊட்ட நீங்களே வச்சிக்கங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்.

“நல்லதுதானே, எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போகிறார்கள்” என்று நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேன். தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பிள்ளையைத் தூக்கி வாய்க்காலில் போடு என்று நான் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுலைகா உம்மா எழுந்தார். மகள் கையிலிருந்த பையை வாங்கிக் கிணற்றுக்கட்டில் வைத்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இறுகியிருந்தது. முந்தானை முனையைத் தூக்கிப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்து, மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “மாமியார்ர ஊட்டில போய் இரிக்கிறதுக்கு உன்ன நான் பெறல்ல” என்றார். அவ்வளவுதான். ஜெஸீமா குனிந்து தாயின் முகத்தையே பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையைக் கூட்டிவர இந்த முறை பெரியவர்கள் தேவைப்படவில்லை, சேதியே போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் கட்டில் பெரிய வீட்டுக்கு ஏறியது. நுளம்புவலையை மாப்பிள்ளையே தூக்கிவந்தார். மூன்று பேர் ஓடிப்போய்ப் பிடுங்கினார்கள். எதிர்ப்பக்கமாகப் போடியாரின் சாய்மனைக் கதிரை என்கிற சாய்வு நாற்காலியும் ஒரு பெட்டியும் தலையணைகளும் வளவைக் கடந்து பாலர் அறைக்குப் போயின. இளைய மகள்கள் இருவரும் இனி இரவில் அக்காவோடு பெரிய வீட்டில் படுப்பார்கள். உம்மா கடைசியாக வந்தார். முற்றம் என்னவோ சின்ன முற்றம்தான். மாமரத்தடியில் ஒருமுறை நின்றார், கிணற்றடியில் ஒருமுறை நின்றார், உதிர்ந்து கிடந்த இலைகளை அள்ளிப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பலகையைத் துடைக்கும் சாக்கில் மண்டபத்துக்குள் போய் நன்றாக அழுதேன். பிறகு அதைத் தூக்கிவந்து, போடியாரைக் கொண்டே பாலர் அறையின் வாசலில் ஆணி அடித்து மாட்டினேன். எங்கள் ஊரில் சுவரில் ஆணி அடிக்க அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டும், அவரோ அரசாங்க வீட்டு வாரியத்தை நினைத்துப் பயப்படுவார்.

ஏற்பாடு இதுதான்: இரவில் அறை அவர்கள் இருவருக்கும், பகலில் பிள்ளைகளுக்கு. அதை நான் பக்குவமாகச் சொல்லிப் புரியவைக்கலாம் என்றிருந்தேன். அவசியமே இருக்கவில்லை. நான் புறப்படும் நாள் காலை, வெட்டுக்குப் போகிற பெண்கள் இருட்டு விலகும்போதே பிள்ளைகளைக் கடப்பில் இறக்கிவிட்டுப் போனார்கள். ரமீஸா டீச்சர் கதவைத் திறந்தாள். சாய்மனைக் கதிரையில் போடியார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகிய ஒரு பெண்குழந்தை தாத்தா முறை வைத்து அழைத்து அவர் காலைத் தட்டியது.

“மூத்தவாப்பா, எழும்புங்க. எங்களுக்கு நேசரி.”

மறுபேச்சில்லாமல் எழுந்தார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய், பிள்ளைகள் விட்டுவந்த அதே ஓலைப்பாயில் படுத்துக்கொண்டார். “இதுதான் நம்மட இடம்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

சுலைகா உம்மா அறைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்துப் புது அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் பெரிய வீட்டு மேலேயே இருந்தது. அங்கே ஜெஸீமா ஒரு ஜன்னலோடு மல்லுக்கட்டினாள். “தூக்கித் தொறக்கணும் மனே, இழுக்கப்படாது! கொழுக்கி சிக்கும்!” என்று இங்கிருந்தே கத்தினார். ஜன்னல் திறந்தது.

விடைபெறும்போது, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அவரிடம் கேட்டேன். “உம்மா, உங்கள் மண்ணில் இந்தப் பிள்ளைகள் இருக்கலாமா?”

ஊதுகுழலைக் கீழே வைத்தார். “இரிக்கட்டும் மிஸ். நல்லாச் சத்தம் போட்டுப் படிக்கட்டும். ஆனா இப்பவே சொல்லிப்போட்டன், பொறகு சொல்லல்ல எண்டு சொல்லப்படாது. ரெண்டாம் மகளுக்கு மாப்புள பேசிக்கிட்டிரிக்கம். அவளுக்கு இந்த அறையத்தான் பெருப்பிச்சிக் குடுக்கணும். அடுத்த வருசம் நீங்க வரக்குள்ள, அந்தக் கிணத்தடி மூலையில இன்னொண்டு கட்டுங்க. நான் மண் தாறன்.”

“கட்டுகிறோம், உம்மா. பிள்ளைகளுக்கா?”

“புள்ளயளுக்கும்தான்” என்றார் சுலைகா உம்மா. “எனக்கும்.”